காய்கனிகளை வீட்டில் பேணுதல்: கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டார வரலாறு

பறித்த பின்னும் காய்கனிகள் மூச்சு விடுகின்றன. நீரை இழக்கின்றன, வெப்பத்தை வெளியிடுகின்றன, பழுத்து முடிவில் அழுகுகின்றன. இம்மாற்றத்தின் வேகத்தைக் குறைப்பதே வீட்டுச் சேமிப்பின் நோக்கம். மாவும் தக்காளியும் மிகுதியாக விளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது அன்றாடத் தேவை. இம்மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது.

பழைய முறைகள்

மாங்காயை வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைப்பது தமிழகத்தின் நெடுநாள் வழக்கம். பழுக்கும் காய் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. வைக்கோல் அவ்வாயுவையும் வெப்பத்தையும் ஓரளவு தேக்கி, காய்களைச் சீராகப் பழுக்கச் செய்கிறது. பூசணி காற்றோட்டமான பரணில் இருக்கும். வெங்காயம் கொத்தாகத் தொங்கும். கிழங்குகள் மணலில் புதையும். பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டுவதும் உண்டு. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளிருப்பது குளிர்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி இடம் என்பதே இம்முறைகளின் அடிப்படை.

பனிக்கட்டியும் குளிர்பதனப் பெட்டியும்

அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் பாஸ்டன் நகரிலிருந்து அனுப்பிய பனிக்கட்டி 1833இல் கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் இதற்கென 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ளது. 1874இல் சென்னையில் இயந்திரப் பனிக்கட்டி உற்பத்தி தொடங்கியது. அக்காலத்தில் பனிக்கட்டி வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. 1958இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் குளிர்பதனப் பெட்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. எனினும் நடுத்தர வீடுகளில் அவை பரவலாக இடம்பெற்றது 1990களுக்குப் பிறகுதான்.

1970கள் முதல் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதலிய ஆலைகளுக்கு வெளியூர்த் தொழிலாளர்கள் குடியேறினர். தோட்டத்தில் பறித்து அன்றே சமைத்த வீடுகளுக்கு அருகிலேயே, முறைவேலைக்கு இடையில் வாரத்துக்கு ஒருமுறை காய் வாங்கும் வீடுகள் பெருகின. ஒரு வாரக் காயும் ஒரே பெட்டிக்குள் சென்றது.

குளிரின் எல்லை

வீட்டுப் பெட்டியின் வெப்பநிலை பெரும்பாலும் 4 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கீரை, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் ஆகியவற்றுக்குக் குளிர் நன்று. ஆனால் மா, வாழை, தக்காளி ஆகியவை வெப்பநாட்டுப் பயிர்கள். காயாக இருக்கும்போது கடுங்குளிரில் வைத்தால் மாவும் வாழையும் தோல் கறுத்துச் சரியாகப் பழுக்காமல் போகின்றன. தக்காளி மணமும் சுவையும் இழக்கிறது. பழுத்த வாழையை அருகில் வைத்தால் எத்திலீனால் கீரை விரைவில் மஞ்சளாகும். கேரட், பீட்ரூட்டின் இலைகள் கிழங்கின் நீரை உறிஞ்சுவதால் அவற்றை நறுக்கிவிட்டே வைக்க வேண்டும்.

மின்சாரமில்லாக் குளிர்கலம்

1980களில் புதுதில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ராய், குர்டியா ஆகியோர் மின்சாரம் தேவைப்படாத குளிர்கலத்தை உருவாக்கினர. இரண்டு செங்கல் சுவர்களுக்கு இடையே 7.5 செ.மீ. இடைவெளி விட்டு, மணல் நிரப்பி, நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். கோடையில் உள்ளே வெப்பம் 10 முதல் 15 பாகை வரை குறையும்; ஈரப்பதம் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கும். ஈரத்துணிப் பானையின் அதே தத்துவம்தான். வறண்ட கோடையில் இது மிகுந்த பயன் தரும். காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் பயன் குறையும்.

விரைவின் விலை

சந்தையில் அவசரம் கூடியபோது வைக்கோலின் இடத்தைக் கால்சியம் கார்பைடு பிடித்தது. இதிலிருந்து வெளிவரும் அசிட்டிலீன் தோலை விரைவில் மஞ்சளாக்கும். ஆனால் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். இதைக் கொண்டு பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. மாற்றாக, 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதித்தது. வைக்கோல் செய்த வேலையையே, அளவறிந்து, மூடிய அறைகளில் செய்வது இம்முறை.

சேமிக்க வழியில்லாத உழவர் கிடைத்த விலைக்கு விற்க நேர்கிறது. விலை சரியும் நாள்களில் தக்காளி பறிக்கப்படாமலே செடியில் விடப்படுகிறது. மாவட்டத்தில் பெருமளவு விளையும் பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைகளை நம்பியிருக்கிறது. வாங்கியவர் வீட்டில் அழுகும் ஒவ்வொரு காயும் அந்த உழைப்பின் வீண். எதைக் குளிரில் வைப்பது, எதை வெளியில் வைப்பது என்ற பழைய அறிவு, குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டிலும் தேவைப்படுகிறது.