இணையப் பிரசுரங்களை நீக்குதல்

இணையத்தில் ஏற்றப்பட்ட எழுத்து, படம், ஒலி முதலியவற்றை அவற்றின் கர்த்தாவோ, அவற்றைத் தாங்கி நிற்கும் ஸ்தாபனமோ, நியாயஸ்தலத்தின் அல்லது அரசாங்கத்தின் கட்டளையோ பொதுமக்கள் பார்வையினின்றும் அகற்றுவது இணையப் பிரசுர நீக்கம் எனப்படும்.

கர்த்தா தாமே நீக்குவது இவற்றுள் எளிதானதாகத் தோன்றினும் பூரணமானதன்று. வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் நீக்கிய கட்டுரை 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடந்து பின்னரே மறையும். அதற்குள் தேடுபொறிகள் எடுத்த பிரதியும், 1996இல் நிறுவப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் சேமித்த பிரதியும், யாரோ ஒரு வாசகர் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டும் எஞ்சியிருக்கக்கூடும். இதற்கு நேர் எதிராக, ஜியோசிட்டீஸ் 2009இலும் கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டபோது, நீக்க விரும்பாதவர்களின் எழுத்துகளும் அவற்றோடு போயின. கர்த்தாவின் சம்மதமின்றி நிகழும் இவ்வகை நீக்கத்தைப் பற்றிச் சட்டம் அதிகம் கவலைப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

பிறர் எழுத்தை அகற்றுவிக்கும் விவகாரத்தில் புதுச்சேரிக்கு ஒரு தனியிடம் உண்டு. 2012 அக்டோபரில், மத்திய அமைச்சர் ஒருவருடைய மகனின் சொத்து பற்றி ட்விட்டரில் சில வரிகள் எழுதியதற்காக இவ்வூரைச் சேர்ந்த தொழில் செய்பவர் ஒருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டு, பின் ஜாமீனில் விடுதலையானார். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரு இளம்பெண்கள் அதே பிரிவின்கீழ்க் கைதாக, நாடெங்கும் எழுந்த கண்டனத்தினிடையே அப்பிரிவை எதிர்த்த ஷ்ரேயா சிங்கால் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அப்பிரிவை ரத்து செய்ததோடு, நீதிமன்ற ஆணையோ அரசாங்கத்தின் அறிவிப்போ வந்தாலன்றி, எவரோ ஆட்சேபித்தார் என்பதற்காக மட்டும் ஒரு தளம் பிறர் எழுத்தை நீக்கக் கடமைப்பட்டதன்று என்றும் விளக்கினர். இத்தீர்ப்பின் மெய்யான பயன் இப்பின்பகுதியே ஆயினும், ஜனங்கள் நினைவிற்கொண்டது முற்பகுதியை மட்டுமே.

எனினும், அதே சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் அரசாங்கம் தடை விதிக்கும் அதிகாரம் அத்தீர்ப்பிலும் நிலைநிறுத்தப்பட்டது. அயல்நாட்டுக் கணினியில் உள்ளதை அழிக்க இயலாத அரசு, தன் எல்லைக்குள் அது தெரியாதபடி செய்கிறது. இம்முறை புதுவைக்குப் புதிதன்று. 1881ஆம் வருஷத்துப் பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் அமலில் இருந்த இவ்வூரில் பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகை 1908 முதல் அச்சாகி வந்தபோது, அச்சகத்தைத் தொட முடியாத பிரிட்டிஷ் அரசு தன் ஆட்சிப் பகுதிக்குள் அதன் வரவைத் தடுத்தது. சந்தாதாரர்களை இழந்த பத்திரிகை 1910இல் நின்றுபோயிற்று.

தன்னைப் பற்றிய பழைய செய்தியை அகற்றுவிக்கும் உரிமை, அதாவது மறக்கப்படும் உரிமை, இந்தியாவில் இன்னும் தீர்மானமாகவில்லை. குற்றத்தினின்றும் விடுவிக்கப்பட்ட ஒருவரின் தீர்ப்பைத் தன் பக்கத்திலிருந்து எடுக்குமாறு 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சட்டத் தகவல் தளத்திற்கு இட்ட ஆணையை, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. தீர்ப்புகள் பொதுச் சொத்து என்ற கொள்கையும் விடுதலையானவனின் மானமும் மோதும் இவ்விஷயத்தில், பெயரை மட்டும் மறைத்துத் தீர்ப்பை வைத்திருப்பதே நியாயமென்று தோன்றுகிறது.

புதுவையின் கதிர்காமத்தில் வசிக்கும் ஒருவர் தம்மை இழிவுபடுத்தும் போலிப் படமொன்று இணையத்தில் உலவக் காண்பாராயின், முதலில் அத்தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். 2021ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகள் வெளியானபோது, அந்தரங்கப் படங்களை 24 மணி நேரத்திற்குள்ளும், நீதிமன்றமோ அரசோ ஆணையிட்டவற்றை 36 மணி நேரத்திற்குள்ளும் நீக்க வேண்டுமென வகுத்தன. அதிகாரியின் முடிவு திருப்தி தராவிடில், 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். பணமோசடி கலந்திருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வழியை மேற்கொள்பவரும், நீக்கக் கோருமுன் அப்பக்கத்தின் முகவரியையும் தேதி தெரியும் பிரதியையும் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். பக்கம் மறைந்த பின்பு சாட்சியம் திரட்டுவது கடினம்.