நீள்வட்டத் துளையும் பொட்டாலோவின் பெயரும்

கருவின் இதய மேலறை தொடக்கத்தில் ஒன்றே. அதன் கூரையிலிருந்து மெல்லிய முதல் இடைச்சுவர் கீழிறங்கி அதனை இரண்டாகப் பகுக்கிறது. அச்சுவர் அடியில் முற்றிலும் பொருந்துவதற்கு முன்னரே அதன் மேற்பகுதியில் வேறொரு துளை தோன்றிவிடுகிறது. பின்னர் அதன் வலப்புறத்தில் தடித்த இரண்டாம் இடைச்சுவர் வளர்கிறது. இச்சுவர் நிறைவுறாது விடும் இடைவெளியே நீள்வட்டத் துளை. முதற்சுவரின் எஞ்சிய பகுதி அதற்கு இடப்புறமிருந்து கதவாகிறது. கருவில் நுரையீரல் சுவாசிப்பதில்லை. ஆகவே தொப்புள்கொடி வழி வரும் குருதியின் பெரும்பகுதி இக்கதவைத் தள்ளி இட மேலறையை அடைகிறது. பிறந்தபின் நுரையீரலிலிருந்து திரும்பும் குருதி பெருகி, இட மேலறையின் அழுத்தம் உயர, கதவு சாத்திக்கொள்கிறது.

இத்துளையையும் பிறப்புக்குப்பின் அது மூடுவதையும் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கேலன் விவரித்துள்ளார். மேலறைகளை அவர் இதயத்தின் உறுப்புகளாகக் கொள்ளவில்லை. பெருநாளங்களின் முனைகளாகவே கருதினார். ஆகவே அவருக்கு இத்துளை இரு நாளங்களை இணைக்கும் வாயில். வளர்ந்தோரிடம் குருதி இடப்புறம் செல்வதற்குக் கீழறை இடைச்சுவரின் நுண்துளைகளையே அவர் காட்டினார்.

அந்நுண்துளைகளை 1543இல் வெசாலியசு ஐயுற்றார். 1559இல் ரியால்டோ கொலம்போ, குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றார். இவ்விடத்திற்றான் லியோனார்டோ பொட்டாலோ குறுக்கிடுகிறார். மேலறைகளுக்கிடையே திறந்திருந்த துளையைக் கண்ட அவர், குருதி வலமிருந்து இடம் செல்லும் பொதுவழி அதுவே என 1564இல் அறிவித்தார். அவர் கண்டது பொய்யன்று. வளர்ந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இக்கதவு முழுதும் ஒட்டிக்கொள்வதில்லை. ஆயின் சிலரிடம் எஞ்சியதை எல்லோர்க்கும் உரிய வழியாகக் கொண்டார். நுண்துளைக் கொள்கை தளர்ந்த காலத்தில், வேறொரு துளையைத் தேடும் மனநிலை அதற்குத் துணைசெய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வில்லியம் ஆர்வி 1628ஆம் ஆண்டு நூலில் இதனைச் சரியான இடத்தில் நிறுத்தினார். நுரையீரல் இயங்காத கருவில் இரு கீழறைகளும் ஒன்றுபோலப் பணிபுரிகின்றன என்றும், சுவாசம் தொடங்கியபின் அவ்வழி அடைபடுகிறது என்றும் விளக்கினார். கருவின் அமைப்பே அவருக்கு நுரையீரல் வழிச் சுற்றோட்டத்திற்குச் சான்றாயிற்று.

பொட்டாலோவின் பெயரோ வேறிடம் சேர்ந்தது. நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் கருவில் இணைக்கும் நாளத்திற்கு, அதுவும் கேலன் அறிந்ததே, 'பொட்டாலோ நாளம்' என்று பின்வந்த உடற்கூற்று நூல்கள் பெயரிட்டன.