டி. கே. வி. தேசிகாச்சார்

திருமலை கிருஷ்ணமாச்சாரிய வெங்கட தேசிகாச்சார் (ஜூன் 21, 1938 – ஆகஸ்டு 8, 2016) சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியரும் நூலாசிரியரும் ஆவார். நவீன யோகப் பயிற்சியின் முன்னோடிகளுள் ஒருவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மகனும் மாணவருமான இவர், பொறியியல் பட்டம் பெற்றவர். அத்துறையைக் கைவிட்டு, தந்தை மறையும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவரிடம் பயின்றார். மனிதருக்கு ஏற்பவே யோகம் அமைய வேண்டும், யோகத்துக்கு ஏற்ப மனிதர் வளைக்கப்படக்கூடாது என்பது இவர் கற்பித்தலின் அடிப்படை.

தந்தையும் ஆசிரியரும்

கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) கர்நாடகத்தில் பிறந்தவர். சமசுகிருதம், இந்தியத் தத்துவங்கள், ஆயுர்வேதம் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவர். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். பட்டாபி ஜோயிஸ், பி. கே. எஸ். ஐயங்கார், இந்திரா தேவி ஆகியோர் அக்காலத்தில் அவரிடம் கற்றவர்கள். ஐயங்கார் அவருடைய மனைவியின் தம்பி ஆவார். யோகசாலை 1950இல் மூடப்பட்டது. அதன்பின் கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் குடியேறினார்.

மைசூரில் அவரிடம் கற்ற பலர் உடல்வலிமை மிக்க சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். அவர்களுக்கு விரைவான, கடினமான ஆசன வரிசைகளைக் கற்பித்தார். சென்னையில் நோயாளிகள், முதியோர், குடும்பப் பொறுப்புள்ளோர் எனப் பலதரப்பட்டவர்கள் அவரை நாடி வந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பயிற்சி வகுத்தார். ஒரே ஆசிரியரிடம் கற்ற ஜோயிஸ், ஐயங்கார், தேசிகாச்சார் ஆகியோரின் முறைகள் ஒன்றிலிருந்து ஒன்று பெரிதும் வேறுபட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவராதல்

ஆசிரியரின் வீட்டிலேயே வளர்ந்தும், இளமையில் தேசிகாச்சாருக்கு யோகத்தில் நாட்டம் இருக்கவில்லை. மைசூரில் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். 1960களின் தொடக்கத்தில் சென்னையில் உள்ள பெற்றோர் வீட்டுக்கு வந்திருந்தபோது நிகழ்ந்த ஒன்றை அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். வீட்டின் முன் வந்து நின்ற காரிலிருந்து இறங்கிய அயல்நாட்டுப் பெண்மணி ஒருவர், வெளியே வந்த கிருஷ்ணமாச்சாரியாரைத் தழுவி நன்றி கூறினார். ஆசாரம் மிக்க தந்தையை ஒரு பெண் பொதுவிடத்தில் தழுவியது மகனைத் திகைக்க வைத்தது. நெடுங்காலம் தூக்கமின்மையால் துன்புற்ற அப்பெண்மணி, முந்தைய இரவு மருந்தின்றி உறங்கினார் என்பதைத் தந்தை விளக்கினார். நவீன மருத்துவத்தால் தீராத ஒன்றை ஆங்கிலம் அதிகம் அறியாத தம் தந்தை தீர்த்தது எவ்வாறு என்ற வினா தேசிகாச்சாரைப் பற்றிக்கொண்டது. யோகம் கற்க முடிவு செய்தார்.

தந்தை உடனே இசையவில்லை. மகனின் உறுதியைச் சோதிக்க, விடியலுக்கு நெடுநேரம் முன்பே பாடத்துக்கு வரச் செய்தார். தேசிகாச்சாரும் ஒரு நிபந்தனை விதித்தார்: யோகம் கற்கலாம், ஆனால் இறைவனைப் பற்றிக் கற்பிக்க வேண்டாம். வைணவ நெறியில் ஆழ்ந்த பற்றுடைய தந்தை அதை ஏற்றுக்கொண்டார். மாணவரின் விருப்பத்தை மதிப்பதே ஆசிரியரின் கடமை என்னும் கொள்கையைத் தேசிகாச்சார் அறிய இதுவே முதற்பாடமாக அமைந்தது எனலாம்.

கற்பித்தல் முறை

* மூச்சே முதன்மை: ஒவ்வோர் அசைவும் மூச்சுடன் இணைக்கப்படுகிறது. பொதுவாகக் கைகளை உயர்த்துகையில் உள்மூச்சும், முன்குனிகையில் வெளிமூச்சும் நிகழும். மூச்சு தடுமாறுவது, பயிற்சி உடலின் அளவை மீறுகிறது என்பதற்கான அறிகுறி.
* வடிவத்தினும் பயன்: நின்று முன்குனியும்போது முழங்காலைச் சற்று மடக்கலாம். கால்கள் நேராக இருப்பதைக் காட்டிலும் முதுகுக்குக் கிடைக்கும் பயனே கருதப்படுகிறது.
* வின்யாச கிரமம்: எளியதில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறி, பின் படிப்படியாகத் திரும்புதல்.
* பிரதிக்கிரியை: ஓர் ஆசனத்தால் ஏற்படும் இறுக்கத்தை நீக்கும் எளிய மாற்று ஆசனம்.
* வயதும் சூழலும்: வளரும் சிறாருக்கும், இல்லறத்தாருக்கும், முதியோருக்கும் நோக்கங்கள் வேறு, ஆகவே பயிற்சியும் வேறு.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் வரும் 'விநியோகம்' என்ற சொல், ஏற்றவாறு பயன்படுத்துதல் என்னும் பொருளில் இம்முறைக்குப் பெயராக வழங்கியது. நாளடைவில் அது தனியொரு யோக வகையின் முத்திரைப் பெயர்போல் கருதப்படவே, தேசிகாச்சார் அப்பெயரைப் பயன்படுத்துவதைக் கைவிட்டார்.

தனியொருவருக்குக் கற்பிக்கும் முறைக்கு வரம்புகளும் உண்டு. ஓர் ஆசிரியர் ஒரு நாளில் மிகச் சிலருக்கே கற்பிக்க இயலும். மாணவரை உற்றுநோக்கிப் பயிற்சி வகுக்கும் திறனும் குறுகிய காலத்தில் கைவராது. இதனால் பெருங்குழு வகுப்புகளைப் போல் இம்முறை விரைந்து பரவவில்லை.

கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்

தேசிகாச்சார் 1976இல் தம் தந்தையின் பெயரால் இந்நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். மந்தைவெளிப் பகுதியில் அமைந்துள்ள இந்நிறுவனம், நோயுற்றோருக்குத் தனிப்பட்ட யோக சிகிச்சை, ஆசிரியர் பயிற்சி, வேதம் ஓதுதல் முதலியவற்றுக்கு அறியப்படுகிறது. பெண்களுக்கும் வெளிநாட்டவர்க்கும் வேதம் ஓதக் கற்பிப்பதைத் தந்தையும் மகனும் ஆதரித்தனர். மரபு வழக்கிலிருந்து இது குறிப்பிடத்தக்க விலகல் ஆகும்.

தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி 1960களில் தேசிகாச்சாரிடம் யோகம் பயின்றார். தம்மினும் நாற்பது ஆண்டுக்கு மேல் இளையவரான ஓர் ஆசிரியரிடம் அவர் மாணவராக அமர்ந்தார். ஐரோப்பாவில் தேசிகாச்சார் அறியப்படவும் இத்தொடர்பு உதவியது.

நூல்கள்

* ரிலிஜியஸ்னெஸ் இன் யோகா (1980) – அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் அமைந்தது.
* தி ஹார்ட் ஆஃப் யோகா (1995) – முந்தைய நூலின் விரிவாக்கம். யோக சூத்திர மொழிபெயர்ப்பும் உரையும் அடங்கியது.
* ஹெல்த், ஹீலிங் அண்ட் பியாண்ட் (1998) – கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்வும் கொள்கைகளும் பற்றியது. இணை ஆசிரியருடன் எழுதியது.

மறைவு

தேசிகாச்சார் 2016 ஆகஸ்டு 8 அன்று தம் 78ஆம் அகவையில் காலமானார். அவருடைய பிறந்தநாளான ஜூன் 21, 2015 முதல் உலக யோகா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது; இது தற்செயலாக அமைந்த பொருத்தமே.

இவற்றையும் பார்க்க

* திருமலை கிருஷ்ணமாச்சாரியார்
* பதஞ்சலி யோக சூத்திரம்
* பி. கே. எஸ். ஐயங்கார்