மாவு மில்லுக்காரர் எழுதிய இயற்பியல்: ஜார்ஜ் கிரீன்

காலியா இருக்கிற ஒரு பெரிய கோயில் மண்டபத்துக்குள்ள போய் ஒரே ஒரு தடவை கைதட்டுறீங்க. அந்தச் சத்தம் எப்படி எதிரொலிச்சு அடங்குதுன்னு ரெக்கார்ட் பண்ணிக்கிறீங்க. அது கையில் இருந்தா போதும், ஸ்டுடியோவில் பாடின ஒரு பாட்டை அந்த மண்டபத்திலேயே பாடின மாதிரி மாத்திடலாம். ஏன்னா எந்தச் சத்தத்தையும் குட்டிக் குட்டிக் கைதட்டல்களோட கூட்டலா பார்க்க முடியும். ஒண்ணுக்கு விடை தெரிஞ்சா எல்லாத்துக்கும் கூட்டிக்கலாம்.

இன்னைக்கு ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் இது ஒரு பட்டன். இந்த யோசனையோட வேர் 1828-ல் இருக்கு. அதை எழுதினவர் பேராசிரியர் இல்லை, மாவு அரைக்கிறவர்.

ஜார்ஜ் கிரீன் 1793-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தார். அப்பா ரொட்டிக் கடைக்காரர். எட்டு வயதில் பள்ளிக்கூடம் போனார். ஏறக்குறைய ஒரே வருடம்தான். ஒன்பது வயதில் கடையில் வேலை. 1807-ல் அப்பா பக்கத்து ஊரான ஸ்னென்டனில் காற்றில் ஓடும் மாவு மில் ஒன்றைக் கட்டினார். பிறகு கிரீனின் வாழ்க்கை அங்கேதான். காற்று அடிச்சா வேலை, அடங்கினா படிப்பு. 1823-ல் ஊரில் இருந்த சந்தா நூலகத்தில் சேர்ந்தார். பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் எழுதியதைத் தேடிப் படித்தார்.

ஐந்து வருடம் கழித்து, சொந்தப் பொறுப்பில் ஒரு புத்தகம் போட்டார். மின்சாரம், காந்தம் இரண்டையும் கணிதத்தால் விளக்கும் கட்டுரை. ‘பொட்டென்ஷியல்’ என்ற சொல்லை அந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு புள்ளியில் மட்டும் மின்னூட்டம் இருந்தால் சுற்றிலும் என்ன ஆகும்? அதைக் கண்டுபிடிச்சுட்டா, மின்னூட்டம் எப்படிப் பரவிக் கிடந்தாலும் கூட்டி விடை சொல்லலாம். நம்ம கைதட்டல் கதைதான்.

முன்பணம் கட்டி வாங்கினவங்க 51 பேர். பெரும்பாலும் உள்ளூர்க்காரங்க. எத்தனை பேருக்குப் புரிஞ்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ஒருத்தருக்குப் புரிந்தது. லிங்கன்ஷயரில் இருந்த நிலக்கிழார் எட்வர்ட் பிராம்ஹெட், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ‘அடுத்து எழுதுவதை அனுப்புங்கள், வெளியிட உதவுகிறேன்’ என்ற பொருளில் கடிதம் போட்டார். கிரீன் என்ன பண்ணியிருப்பார்? பதிலே போடலை! ‘பெரிய மனுஷங்க மரியாதைக்கு எழுதுறது, நீ திரும்ப எழுதினா நல்லா இருக்காது’ன்னு யாரோ சொன்னதை நம்பிட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படியே போச்சு.

பிறகுதான் எழுதினார். பிராம்ஹெட் ஊக்கம் கொடுக்க, 1833-ல், நாற்பது வயதில், கேம்பிரிட்ஜ் கல்லூரி மாணவர் ஆனார். கணிதத் தேர்வில் நான்காம் இடம். ஒளி, ஒலி, கால்வாயில் ஓடும் அலைகள் பற்றியெல்லாம் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1839-ல் அதே கல்லூரி ‘ஃபெல்லோ’ பதவி கொடுத்தது. திருமணமாகாதவர்களுக்கு மட்டுமே உரிய பதவி அது. கிரீனுக்கும் ஜேன் ஸ்மித்துக்கும் ஏழு குழந்தைகள். ஆனால் இருவரும் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர் 1841-ல் இறந்தார். வயது 47.

நான்கு வருடம் கழித்து, 1845-ல், வில்லியம் தாம்சன் என்ற இளைஞர் கேம்பிரிட்ஜை முடித்துவிட்டுப் பாரிஸ் கிளம்பினார். பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனவர் இவர்தான். கிளம்பும் நேரத்தில் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்ஸ் தன்னிடம் இருந்த கிரீன் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பாரிஸில் லியூவில், ஸ்டர்ம் என்ற இரண்டு பெரிய கணித அறிஞர்கள் அதைப் பார்த்து அசந்துபோனார்கள். 1850 முதல் 1854 வரை ஒரு ஜெர்மன் இதழில் அந்தப் புத்தகம் மூன்று பகுதிகளாக மறுபடியும் வந்தது. அப்புறம்தான் ஐரோப்பா அதைப் படித்தது.

நூறு வருடம் கழித்து குவாண்டம் இயற்பியலுக்கும் அதே யோசனை தேவைப்பட்டது. நோபல் பரிசு வாங்கின ஜூலியன் ஷ்விங்கர் 1993-ல் நாட்டிங்ஹாமுக்கே வந்து, தன் ஆய்வு கிரீனுக்கு எவ்வளவு கடன்பட்டதுன்னு பேசினார். அதே வருடம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கிரீனுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அந்த மாவு மில்லையும் பழுதுபார்த்து மறுபடி ஓடவிட்டிருக்காங்க.

எனக்கு என்னவோ மனசு அந்த இரண்டு வருடத்திலேயே நிக்குது. ஆய்வாளரா அவருக்குக் கிடைச்சதே சில வருடங்கள்தான். உங்க இன்பாக்ஸிலும் ‘சும்மா மரியாதைக்கு அனுப்பியிருப்பாங்க’ன்னு விட்டுவைத்த மெயில் ஏதாவது இருந்தா, இன்னைக்கே பதில் போட்டுடுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.