துரத்திப் பிடிக்க எந்த வழி சரி? ‘துரத்தல் வளைவு’ சொல்லும் கணக்கு

பவுண்டரியை நோக்கி உருளும் பந்தை நல்ல ஃபீல்டர் எப்படித் தடுக்கிறார்? பந்து இப்போ இருக்கும் இடத்துக்கு அவர் ஓடுவதில்லை; அது வந்து சேரப்போகும் இடத்துக்கு ஓடுகிறார். இந்த ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்போமா?

துரத்தல் வளைவு என்றால் என்ன?

ஒரு கப்பல் நேர்கோட்டில் போகிறது. இன்னொரு கப்பல் ஒவ்வொரு நொடியும் அதை நோக்கியே திரும்பித் திரும்பித் துரத்துகிறது. இலக்கு நகர நகர, துரத்தும் கப்பலின் பாதை வளைகிறது. அதுதான் துரத்தல் வளைவு. பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் பூகேர் 1732-ல் இதைக் கணிதமாக ஆராய்ந்தார்.

ஒரு சின்னக் கணக்கு

நேரான சாலையில் ஒருவர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். அவர் உங்களுக்கு நேர் எதிரே, 300 மீட்டர் தூரத்தில் வரும்போது, திறந்த மைதானம் வழியாக நீங்க சைக்கிளில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிளம்புறீங்க.

அவரையே பார்த்து ஓட்டினால்: 40 நொடி, 400 மீட்டர்.

முதலிலேயே 30 டிகிரி முன்னால் திருப்பி நேராக ஓட்டினால்: சுமார் 34.6 நொடி, 346 மீட்டர்.

இருவருக்கும் ஒரே வேகம் என்றால்? அவரையே பார்த்துத் துரத்தினால் பிடிக்கவே முடியாது. இடைவெளி குறைந்துகொண்டே போய் 150 மீட்டரை நெருங்கும், அவ்வளவுதான்.

இதனால் நமக்கு என்ன?

ரெண்டாவது வழியில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கடைசி வரை அவர் உங்கள் கண்ணுக்கு ஒரே திசையில்தான் தெரிவார். தூரம் மட்டும் குறையும். சந்திப்புக்கு மட்டுமல்ல, மோதலுக்கும் இதுதான் அடையாளம். நெருங்கி வரும் கப்பலின் திசைகாட்டிக் கோணம் பெரிதாக மாறாவிட்டால், மோதல் ஆபத்து இருப்பதாகவே கருத வேண்டும் என்கிறது 1972-ம் ஆண்டின் சர்வதேசக் கடல் போக்குவரத்து விதி.

சாலையிலும் அப்படித்தான். குறுக்குச் சாலையில் வரும் வண்டி உங்கள் பார்வையில் நகராமல் ஒரே இடத்தில் இருந்தால், நம் கண் அதை எளிதில் கவனிக்காது. காரின் முன்கண்ணாடி ஓரத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக் முழுசாகவே மறைந்துபோகலாம். அதனால் சந்திப்பு வந்தால் வேகத்தைக் குறையுங்க, தலையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்க. நகராமல் பெரிதாகிக்கொண்டே வரும் வண்டிதான் உங்கள் மேல் மோத வரும் வண்டி.