குறி தவறியும் வென்ற கதை

மலருக்கு ஏதாவது எழுதித் தாப்பா என்று சங்கத்தில் கேட்டார்கள். விளையாட்டு வரலாறு எழுதுகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். நான் ஆட்டக்காரன் இல்லை. நம் கல்லூரி கூடைப்பந்து அணிக்குக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கணக்கு நோட்டு எழுதியவன். என் செட்டுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த ஆட்டத்தில் குறி தவறுவது ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டி, பக்கத்துக்கு 9 பேராக ஆடவிட்டார். முடிவு 1-0. மொத்த ஆட்டத்திலும் ஒரே ஒரு பந்துதான் கூடையில் விழுந்தது! நம் நாட்டுக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் இது வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியை நம் பி.டி. மாஸ்டர்கள் நன்கு அறிவார்கள்.

1946-47-ல், பிற்பாடு என்.பி.ஏ. ஆன லீக் தொடங்கியபோதும் நூறு எறிந்தால் 28 அளவில்தான் விழுந்தது. அன்றைக்கு எல்லோருமே அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் 2010-ஐ என்ன சொல்வது?

அந்த ஆண்டு ஜூன் 17. லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும் 3-3 என்று நிற்க, ஏழாவது ஆட்டம். நமக்கு அது மறுநாள் விடியற்காலை. கோபி பிரையன்ட் 24 முறை எறிந்து ஆறுதான் போட்டார். லேக்கர்ஸ் மொத்தம் 83 எறிந்து 27, அதாவது மூன்றுக்கு ஒன்றுகூட இல்லை. பாஸ்டன் 71 எறிந்து 29. இடையில் 13 புள்ளி பின்தங்கியும் கடைசியில் லேக்கர்ஸ் 83-79 என்று ஜெயித்தது.

எப்படி? தாங்கள் தவறவிட்ட பந்தைத் தாங்களே 23 முறை பிடித்தார்கள். பாஸ்டன் 8 முறைதான். 12 எறிதல் கூடுதலாகக் கிடைத்தது இதனால்தான். பாவ் கசோல் 18 ரீபவுண்ட், குறி தவறிய அதே கோபி 15. ஃபவுல் வாங்கி 37 ஃப்ரீ த்ரோ பெற்று 25 போட்டார்கள். பாஸ்டன் 17-க்கு 15. பாருங்கள், இதிலும் சதவீதத்தில் பாஸ்டன்தான் மேலே! ஆனால் புள்ளியில் பத்து குறைவு. ஷாப் ஃப்ளோரில் ரிஜெக்‌ஷன் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் என்று கேட்காமல் விடுகிற மாதிரிதான்.

இதை எழுதக் காரணம் உண்டு. சென்னை 300 கிலோமீட்டர், பெங்களூர் 40. அதனால் நட்பு ஆட்டத்துக்கு அத்திப்பள்ளி தாண்டித்தான் போவோம். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, பத்துக்கு இரண்டுகூடப் போடாத கெலமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவனை எடுத்துவிடச் சொல்லி கேப்டனிடம் நோட்டைக் காட்டியவன் நான். எடுத்துவிட்டார்கள். என் நோட்டில் எறிந்தது, விழுந்தது என்று இரண்டே பத்திதான். ரீபவுண்டுக்கு இடமே இல்லை. அடுத்த இரண்டு ஆட்டத்திலும் எங்கள் சதவீதம் ஏறியது, இரண்டிலும் தோற்றோம்.

போன மாதம் பரணில் அந்த நோட்டு கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன். அவன் ஆடிய நாட்களில் எல்லாம் நாம் எறிந்த கணக்கு அதிகம்.

தம்பி, இந்த மலர் உன் கைக்கு வந்தால் சந்திப்பு நாளுக்கு அவசியம் வா. நோட்டைக் கொண்டு வருகிறேன்.