எல்ம் மரம்

எல்ம் என்பது உல்மஸ் பேரினத்தைச் சேர்ந்த இலையுதிர் மரங்களுக்கும், அவற்றை அறுத்தால் கிடைக்கும் வன்மரத்துக்கும் வழங்கும் பெயர். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்காவின் மிதவெப்பப் பகுதிகளில் வளர்கிறது. இமயமலைச் சரிவுகளிலும் சில இனங்கள் உண்டு. நம்மூர் ஆயா மரத்துக்கு ‘இந்திய எல்ம்’ என்று ஒரு பெயர் இருந்தாலும் அது வேறு பேரினம். காகிதம் போன்ற சிறகுள்ள வட்டக் காயில்தான் இரண்டுக்கும் உறவு தெரியும்.

தச்சர்கள் எல்மைத் தேடிப்போனது ஒரே குணத்துக்காக: அது லேசில் பிளக்காது. பல மரங்களில் இழை நேராக ஓடும். ஆப்பு வைத்து அடித்தால் அந்த வழியே விண்டுவிடும். எல்மின் இழைகளோ சில ஆண்டு வளையங்களில் ஒரு பக்கமாகவும் அடுத்த சிலவற்றில் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து, பின்னிக்கொண்டு வளர்கின்றன. விறகுக்காகப் பிளக்க முயன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கோடரி உள்ளே போகும், மரம் இரண்டாகாது. எதுவும் மண்டையில் ஏறாத ஆளைச் சீன மொழியில் ‘எல்ம் முண்டு’ என்று ஏசுவதுண்டு.

இந்தப் பிடிவாதம்தான் வண்டிச் சக்கரத்துக்குத் தேவைப்பட்டது. சக்கரத்தின் நடுக்குடத்தைச் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு துளைகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆரக்காலைச் சம்மட்டியால் அறைந்து இறக்க வேண்டும். துளை போக மிஞ்சும் மரம் கொஞ்சம்தான். அது அத்தனை அடியையும் தாங்க வேண்டும். ஆகவே இங்கிலாந்தின் சக்கரத் தச்சர்கள் குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்று பிரித்துவைத்திருந்தார்கள்.

வின்ட்ஸர் நாற்காலியிலும் இதே கதைதான். பக்கிங்காம்ஷயரின் ஹை விக்கம் நகரம் 19ஆம் நூற்றாண்டில் இந்த நாற்காலிகளுக்குப் பேர்போனது. காலும் குறுக்குச் சட்டமும் பீச் மரத்தில் கடைந்தவை. உட்காரும் பலகை மட்டும் எல்ம். ஏறத்தாழ 5 செ.மீ. கனமுள்ள பலகையைத் தரையில் போட்டு, காலால் மிதித்துக்கொண்டு, வாய்ச்சியால் கொத்திக் குழிப்பார்கள். அதன் பிறகு விளிம்பை ஒட்டியே கால்களுக்கும் முதுகுக் கம்பிகளுக்கும் துளை போடுவார்கள். அந்த இடத்தில் வேறு மரம் இருந்தால் காலை அடித்து இறக்கும்போதே விளிம்பு தெறித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் எல்முக்கு இரண்டு முகம். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருந்தால் விரைவில் உளுத்துப்போகும், வேலிக்கம்பத்துக்கு உதவாது. எப்போதும் நீரில் மூழ்கியே இருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். கப்பலின் அடிக்கட்டைக்கும் பாலத்தின் அடியில் இறக்கும் முளைகளுக்கும் எல்மைப் பயன்படுத்தியது இதனால்தான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் தெருக்களுக்கு அடியில் ஓடிய குடிநீர்க் குழாய்கள் பல, நடுவில் துளையிட்ட எல்ம் அடிமரங்களே. ஒன்றின் முனையைக் கூராகச் சீவி அடுத்ததன் வாயில் செருகுவார்கள். சவப்பெட்டிக்கும் அங்கே வழக்கமான மரமாக இருந்தது இதுவே.

வைரப்பகுதி இளம்பழுப்பு முதல் செம்பழுப்பு வரை இருக்கும். குறுக்கே அறுத்த முகத்தில், பின்பருவ மரத்தின் நுண்துளைகள் அலை அலையான கோடுகளாக ஓடுவதைப் பார்த்தே எல்ம் என்று சொல்லிவிடலாம். பலகையாக அறுத்தால் அந்த அலைகள் பறவையின் மார்பு இறகுபோல் பூவேலை காட்டும். பச்சை மரத்தில் ஒரு கெட்ட வாடை உண்டு, காய்ந்தால் போய்விடும்.

அமெரிக்க எல்மின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 560 கிலோ, ஓக்கைவிட மென்மையானது. அதே கண்டத்தின் ராக் எல்ம் இதைவிட நன்றாகக் கனமும் கடினமும் கொண்டது. நீராவியில் வைத்தால் எல்ம் நன்றாக வளையும். ஆணியையும் திருகையும் விடாமல் பிடிக்கும். தொல்லை, உலர்த்துவதில். அமெரிக்க எல்ம் பச்சை நிலையிலிருந்து முழுதும் உலரும்போது வளையங்களின் போக்கில் சுமார் 9.5 சதவீதம் சுருங்குகிறது, ஆரப்போக்கில் 4.2 சதவீதம்தான். அடுக்கிவைத்து மேலே பாரம் ஏற்றாவிட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். இழைப்புளி ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த சாணில் இழை சிலும்பி எழும். கூரான அலகும் மெல்லிய சீவலும் தவிர வேறு வழியில்லை. பொறுமை இல்லாதவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இன்று எல்முக்குத் தட்டுப்பாடு; அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை. பட்டை வண்டுகள் மரத்துக்கு மரம் சுமந்துசெல்லும் இந்நோய், 1920களில் நெதர்லாந்தில் ஆராயப்பட்டதால் ‘டச்சு எல்ம் நோய்’ எனப் பெயர் பெற்றது; அங்கே தோன்றியது என்று பொருளல்ல. 1960களின் கடைசியில் பிரிட்டனில் பரவிய வீரியமான வகை இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எல்ம்களைக் கொன்றது. கடலோர நகரமான பிரைட்டன், நோய்கண்ட மரங்களை உடனுக்குடன் வெட்டியே தன் எல்ம்களில் பலவற்றைக் காப்பாற்றிவைத்திருக்கிறது. அகலமான பலகை இப்போது பெரும்பாலும் பட்டுப்போன மரத்திலிருந்தோ, பழைய களஞ்சியத்தையும் வீட்டையும் பிரித்தோதான் வருகிறது. முண்டு பாய்ந்த துண்டுகளைக் கடைசல்காரர்கள் கிண்ணமாகக் கடைகிறார்கள்.